அவள் கையெழுத்துப் போட்ட படிவம்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பதினைந்து வருடத்துக்கு மேலாக மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். அதிகமாக வருவது, கலியாணம் செய்தவரை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் கோப்புகள்தான். மாப்பிள்ளை இங்கே, பெண் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ.

எங்கே முதலில் சந்தித்தீர்கள், யார் அறிமுகப்படுத்தியது, உறவு எப்படி வளர்ந்தது என்று படிவம் கேட்கும். முதல் இரண்டுக்கும் பதில் வரும். மூன்றாவதற்கு எங்கள் ஆட்கள் முழிப்பார்கள். சாதகம் பொருந்தியது, மாமா போய்ப் பேசினார், போட்டோ வந்தது, பிறகு டெலிபோன் கார்டு வாங்கி இரவிரவாகக் கதைத்தார்கள். இதுதான் நடந்தது. ஆனால் இதை அப்படியே எழுதினால் வெள்ளைக்கார அதிகாரிக்கு விளங்குமா என்று எனக்குப் பயம்.

அந்தப் பயத்தில் 2011இல் ஒரு பிழை செய்தேன். 2010 செப்டம்பரில் சட்டம் இறுகியிருந்தது: திருமணம் உண்மையானதல்ல என்றாலோ, குடிவரவுதான் அதன் முதன்மை நோக்கம் என்றாலோ, இரண்டில் ஒன்றே மறுக்கப் போதும். மாப்பிள்ளைத் தம்பி சொன்னதைக் கேட்டு, இருவரும் ஒரு உறவினர் கலியாணத்தில் கண்டு விரும்பியதாகக் கொஞ்சம் மெருகேற்றி எழுதினேன். பெண் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். கொழும்பு நேர்முகத்தில் அவள் உள்ளதைச் சொன்னாள்: "மாமாதான் பேசி வந்தவர், நான் அவரை கலியாண எழுத்துக்கு முதல்நாள்தான் நேரே கண்டனான்." மறுத்துவிட்டார்கள். மேன்முறையீட்டில் வென்று அவள் வந்துசேர ஒன்றரை வருடத்துக்கு மேல் போனது. நல்ல கலியாணம் அது, என் எழுத்தால்தான் பொய்யாகத் தெரிந்தது. இன்றும் அது மனதை அறுக்கும்.

அப்புறம் இன்னொருத்தி. 2012 அக்டோபரிலிருந்து 2017 ஏப்ரல் வரை ஒரு விதி இருந்தது: சேர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகாத, பிள்ளையும் இல்லாத தம்பதி என்றால், வந்தவர் இங்கே இரண்டு வருடம் ஸ்பொன்சர் செய்தவரோடு வாழ வேண்டும், இல்லாவிட்டால் நிரந்தர வதிவிடம் பறிபோகலாம். 2016 மாரிக் குளிரில் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்க்க என்று வந்தாள். புருஷன் வெளியே காரில். நான் தட்டச்சு செய்துகொண்டிருக்க, கையுறையைக் கழற்றாமலே மேசைக்குக் குனிந்து கேட்டாள்: "அக்கா, நான் அவரை விட்டிட்டுப் போனால் என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவினமோ?" கையுறையை அவள் ஏன் கழற்றவில்லை என்று பிறகுதான் பார்த்தேன்.

துன்புறுத்தல் இருந்தால் அந்த விதிக்கு விலக்கு உண்டு. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கோப்பு முழுக்கப் புருஷனின் கையில், அவள் கண்டது கையெழுத்துப் போடும் இடம் மட்டும். ஆலோசனை சொல்வது என் வேலையல்ல, ஆனால் உள்ளே சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போவது என் வேலைதானே. போனேன். இப்போது அந்த விதியே இல்லை, ஆனாலும் "விட்டுப் போனால் பொலிஸ் பிடித்து அனுப்பும்" என்று மிரட்டும் வீடுகள் இருக்கின்றன.

இப்போதெல்லாம் படிவம் முடிந்ததும் ஊருக்கு வாட்ஸ்அப்பில் எடுத்து, பெண்ணிடமே ஒவ்வொரு பதிலையும் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். மாமியார் போனை வாங்கினால், "சரி அம்மா, பிள்ளையிட்டக் குடுங்கோ" என்பேன். போன மாதம் ஒருத்தி கன நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நாங்கள் முதல் கண்டது கோயிலில இல்லை. எங்கட வீட்டு விறாந்தையில. அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே வச்சிட்டுப் போனவர்."

கோயிலை அழித்துவிட்டு விறாந்தை என்று எழுதினேன். தேத்தண்ணியையும் சேர்த்தேன்.