பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்

எங்கள் குலதெய்வம் எது என்று தாத்தாவுக்கே தெரியாது. கொள்ளுத்தாத்தா மாயவரம் பக்கம் பிழைக்க வந்தவர், தாது வருஷம் நிலம் வாங்கினார் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். அவருடைய பூர்வீக ஊர் தெரிந்தால் பங்காளிகள் தெரிவார்கள், பங்காளிகள் தெரிந்தால் கோயில் தெரியும். அதற்குத்தான் இவ்வளவு அலைச்சலும்.

பரணில் கிடைத்தது ஒரே ஒரு கிரயப் பத்திரம். அதிலும் முதல் தாளைக் காணோம். ஊர், தாலுகா, தகப்பனார் பேர் எல்லாம் முதல் தாளில்தான் இருக்கும். அடுத்த தாளிலிருந்து எழுதியவர் ‘௸ ஊர்’, ‘௸ நபர்’ என்று மேற்படி போட்டுக்கொண்டே போய்விட்டார். எந்த மேற்படி?

தாது வருஷமோ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். தாது வருஷப் பஞ்சத்தில் வந்தவர், அதனால் 1876 என்று அத்தை அடித்துச் சொன்னார். ஆனால் முத்திரைத்தாளில் இருந்தது ராஜா தலை. 1876 என்றால் விக்டோரியா ராணி இருந்திருக்க வேண்டும். ஆக, 1936.

பத்திரத்தின் நகல் கேட்டுப் போனால், சார்பதிவாளர் அலுவலகத்தில் மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, “இது பழைய சர்வே நம்பர், புது நம்பர் கொண்டாங்க” என்றார் எழுத்தர். கிராம நிர்வாக அலுவலரிடம் போனால், “பழைய பதிவேடு எங்கிட்ட இல்ல, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க.” அங்கேயும் கையை விரித்தார்கள். 1936ஆம் வருஷப் புத்தகத்தில் தேட, 1980களில் வந்த நம்பர் எதற்கு? இதைக் கேட்டதற்கு எரிந்து விழுந்ததுதான் மிச்சம். இன்னும் மனசு ஆறவில்லை.

வழி காட்டியவர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த வயதான பத்திர எழுத்தர். கடைசித் தாளை வாங்கித் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்தார். மங்கிப்போன ஊதா மையில் பத்திரம் எங்கே பதிவானது என்ற விவரம்: ‘1 புத்தகம்’, வால்யூம், பக்கம், நம்பர், 1936. “இது போதும் தம்பி. நகலுக்கு மனு போடுங்க.” போட்டேன். தேடுகூலி கட்டினேன், நகல் வந்தது.

‘நன்னிலம் தாலுகாவிலிருந்து வந்து இவ்விடம் வசிக்கும்’ என்று ஊர் பேரோடு, தகப்பனார் பேரோடு இருந்தது! நடு ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

தேடுகிறவர்களுக்கு இன்னொன்று: அன்று இந்தப் பக்கம் எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. 1991ல் நாகப்பட்டினம், 1997ல் திருவாரூர், 2020ல் மயிலாடுதுறை என்று பிரிந்துவிட்டது. இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடினால் தப்பான அலுவலகத்தில் போய் நிற்க நேரலாம். பேரை மட்டும் நம்பவும் கூடாது. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற குடும்பங்களில் ஒரே பேர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும். தகப்பனார் பேரையும் சேர்த்துப் பாருங்கள். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்களாக இருப்பார்கள்.

அந்த ஊருக்குப் போனோம். கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பேரையே வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பங்காளிதான். நகலை இரண்டு தடவை படித்துவிட்டு ஐயனார் கோயிலுக்குக் கூட்டிப் போனார். இந்த வருஷம், கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி நோட்டில் எங்கள் வீட்டையும் எழுதிக்கொண்டார்கள்.