தோல் பைண்டிங்கும் துணி மூட்டையும்: பழைய சட்டப் புத்தக நாட்குறிப்பு

ஜூலை 6, 2025, ஞாயிறு

சிவகங்கைப் பக்கத்து வக்கீல் வீடொன்றின் பரணிலிருந்து இறங்கிய சரக்கு. 34 புத்தகம், அடியில் ஒரு துணி மூட்டை. தோல் பைண்டிங் உள்ளதெல்லாம் மேலே அடுக்கியிருக்கிறது. தோலைப் பார்த்து விலை சொல்வது பேப்பர் கடை வழக்கம். சட்டப் புத்தகத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. ஐ.எல்.ஆர். (இந்தியன் லா ரிப்போர்ட்ஸ், ஹைகோர்ட் தீர்ப்புத் தொகுப்பு) மெட்ராஸ் வரிசை 1876-ல் தொடங்கியது. கோர்ட் இருந்த ஊரெல்லாம் வாங்கிப் போட்டார்கள், அதனால் உதிரித் தொகுதி எடைக்கே வரும். அதற்கு முந்தைய மெட்ராஸ் ஹைகோர்ட் ரிப்போர்ட் (1862–1875) மொத்தமே 8 தொகுதி. எட்டும் ஒரே பைண்டிங்கில் சேர்ந்து வருவது அபூர்வம். அன்றைக்கு இந்திய வழக்குகளின் கடைசி அப்பீல் போன இடம் லண்டன் பிரிவி கவுன்சில்; அதன் இந்தியத் தீர்ப்புகளை மூர் தொகுத்தது 14 தொகுதி. இந்தச் சரக்கில் 9, 12 இரண்டும் இருக்கின்றன.

மூட்டை அப்புறம்.

ஜூலை 9, புதன்

பக்கம் சரிபார்ப்பு. முதுகில் ஒட்டிய லேபிளை நம்பக் கூடாது. பைண்டர் மாற்றி ஒட்டியிருப்பார். முகப்புத் தாளில் தொகுதி எண், பிறகு வழக்குப் பட்டியல், பிறகு பக்க எண் விடாமல் ஓடுகிறதா, கடைசியில் அட்டவணை. ஐ.எல்.ஆர். மாதப் பகுதிகளாக வந்தது. வருஷக் கடைசியில் வரும் முகப்பும் அட்டவணையும் தொலைந்துபோக, அப்படியே தைத்துவிட்ட பிரதிகள் நிறைய.

மூர் 12-ல் நேராக 397-ஆம் பக்கம். மதுரை கலெக்டருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் நடந்த ராமநாதபுரம் தத்து வழக்கு, 1868. கணவர் அனுமதி இல்லாமல், சபிண்டர் (நெருங்கிய பங்காளிகள்) சம்மதத்தோடு ராணி எடுத்த தத்து செல்லும் என்று தீர்ப்பு. ஏட்டில் உள்ள சாஸ்திரத்தைவிட நிரூபிக்கப்பட்ட வழக்கமே மேல் என்ற வரி இதில்தான். மூர் 9-ல் 539: காத்தம நாச்சியார் ஜெயித்த சிவகங்கை ஜமீன் வழக்கு, 1863. நம் பக்கத்து வக்கீல்கள் கைபட்ட பிரதிகளில் இந்த இரண்டு இடமும்தான் முதலில் நைந்துபோகும், சில சமயம் தாளே கிழிந்து ஜெராக்ஸ் செருகியிருக்கும். இதில் 9 முழுசு. 12-ல் 401–402 தாள் இல்லை.

மறுபதிப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். பழைய தீர்ப்புத் தொகுப்புகளை மறுபடி அச்சிட்ட இங்கிலீஷ் ரிப்போர்ட்ஸ் வரிசையில் மூர் முழுக்க 18 முதல் 20 வரையான தொகுதிகளுக்குள் அடங்கிவிடும்; மூலத்தின் பக்க எண் வரிக்கு நடுவே சதுர அடைப்பில் வரும். படிக்க அது போதும். சேகரிப்புக்கு ஆகாது.

ஜூலை 12, சனி

பூச்சியைவிட உள்ளூர் பைண்டர் செய்த சேதம் அதிகம். மைதாப் பசையில் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள், பூச்சி வராதென்று. வராதுதான்; ஆனால் அட்டையை ஒட்டிய முதல் நாலைந்து தாள் பச்சையும் பழுப்புமாகி, மடித்தால் அப்பளமாய் உடையும். இன்னொன்று, மறு பைண்டிங் போடும்போது ஓரத்தை மிஷினில் வெட்டித் தள்ளுவது. ஓரக் குறிப்பின் பாதி எழுத்து அதோடு போச்சு. செலோ டேப்பைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும்.

ஐந்து புத்தகத்தில் வண்டுப் புழு. வட்ட ஓட்டை போட்டுத் துளைப்பது இது. தாளின் மேல்பரப்பைச் சுரண்டுவது வெள்ளிப்பூச்சி. இரண்டையும் நாம் ராமபாணம் என்றே சொல்லிவிடுகிறோம், வைத்தியம் வேறு. துளைப்பதற்கு ஃப்ரீசர்: புத்தகத்தைத் தாளில் சுற்றி, பாலிதீன் பைக்குள் காற்றை அமுக்கி வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18-க்கும் கீழே 14 நாள். கரண்ட் போய்க் குளிர் இறங்கினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். வேப்பிலை வைக்காதீர்கள், ஈரமும் கறையும்தான் மிச்சம். அந்துருண்டை வாடையை நம்ப முடியாது, படிப்பவருக்குத் தலைவலி.

ஜூலை 16, புதன்

தோல். மூர் 9-ஐத் தொட்டால் உள்ளங்கையில் செங்கல் பொடி. பட்டையில் பதனிட்ட கன்றுத்தோலுக்கு வரும் வியாதி, குணமாகாது. பொடி உதிராமல் நிறுத்தலாம். க்ளூசெல் ஜி (தோலை இறுக்கும் செல்லுலோஸ் பொடி) 2 கிராம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி., ராத்திரி முழுக்க ஊறினால் கஞ்சித் தெளிவு மாதிரி வரும். மெல்லிய தூரிகை. முதலில் உள்மூலையில் தடவிப் பார்க்க வேண்டும், தோல் கறுக்கும். தங்க எழுத்தைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டும். ஒருநாள் ஆறவிட்டால் கையில் பொடி ஒட்டாது. எண்ணெய் கூடவே கூடாது: தாளுக்குள் இறங்கும், ஆடிக்காற்றுப் புழுதி முழுக்க அதில் ஒட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

மூட்டை. சரக்கின் விலை முழுக்க இதற்குள்தான். ஜமீன் அப்பீல் ஒன்றின் அச்சிட்ட பேப்பர் புக்: சாட்சி வாக்குமூலம், பட்டய நகல், கீழ்க்கோர்ட் தீர்ப்பு. ஓரத்தில் 10, 20, 30 என்று வரி எண் இருந்தால் பிரிவி கவுன்சிலுக்குத் தயாரானது என்று கொள்ளலாம். கட்சிக்காரர், வக்கீல், கோர்ட் என்று எண்ணி அச்சடித்ததால் வெளியே அதிகம் தங்கவில்லை. தீர்ப்பு எந்த நூலகத்திலும் கிடைக்கும், ஊர்க்காரன் கூண்டில் நின்று சொன்னது இங்கே மட்டும். வம்சாவளி மடிப்புத் தாள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைத்தான் கிழித்துக்கொண்டு போவார்கள். இருக்கிறது, மடிப்பில் மட்டும் விரிசல். கோதுமை மாவுப் பசையும் ஜப்பான் தாளும் (மெல்லிய, நார் நீண்ட ஒட்டுத் தாள்) போதும்.

கூடவே எட்டுப் பக்கக் கொலைச் சிந்து (கொலைக் கதைப் பாட்டுப் புத்தகம்) இரண்டு. சந்தையில் பாடி விற்றது. மட்டத் தாள், ஸ்டேப்பிள் துரு. கம்பியை வெளியே பிடித்து இழுத்தால் தாளும் வரும். நடுப்பக்கத்தில் மடங்கிய இரண்டு காலையும் மெல்லிய கத்தியால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாகத் தள்ளி எடுத்து, அதே ஓட்டையில் நூல் கோர்க்க வேண்டும். லாமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் கதை முடிந்தது.

ஜூலை 27, ஞாயிறு

14 நாள் முடிந்து நேற்று ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்த ஐந்து புத்தகமும் பையோடு ஒரு நாள் கிடந்தன. உடனே பிரித்தால் வேர்வை தாளில் இறங்கும். இப்போது கறுப்புத் தாள்மேல் நிறுத்தியாகிவிட்டது. பத்து நாளில் அடியில் புதுப் பொடி விழுந்தால் மறுபடி ஃப்ரீசர்.