நதியா நோட்டு, 2018

எல்லைப் பாதுகாப்புப் படையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேற்கு வங்கத்தில் வங்கதேச எல்லையோர நதியா மாவட்டத்தில் பிஓபி என்கிற எல்லைச் சாவடி ஒன்றுக்கு போஸ்ட் கமாண்டராக இருந்தபோது எழுதிய நோட்டு இது. வேலையில் இருக்கும்போது இதையெல்லாம் வெளியே போட முடியாது, போடவும் கூடாது. இப்போதும் ஆள் பெயர், போஸ்ட் பெயர், கேட் எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் தட்டச்சு செய்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது இப்போது சேர்த்தது.

ஜூன் 14

சணல் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. வேலியோரம் உயரமான பயிர் வேண்டாம் என்று வருஷா வருஷம் விதைப்புக்கு முன்பே ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுகிறோம், அவர்களும் தலையாட்டுகிறார்கள், இரண்டு மழை பெய்து முடிந்து பார்த்தால் எல்லா இடத்திலும் சணல். குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இந்த மண்ணுக்கும் இந்த மழைக்கும் சணல்தான் காசு. பயறு போடு, கீரை போடு என்று சம்பளம் வாங்குகிறவன் சொல்வது சுலபம். ஆனால் ஆகஸ்ட் அறுவடை வரைக்கும் என் ஆட்களுக்குக் கண் கிடையாது. உடல் சூட்டை வைத்து இருட்டில் ஆளைக் காட்டும் தெர்மல் இமேஜர் கையில் இருக்கிறது, சணல் சுவருக்கு முன்னால் அதுவும் சும்மாதான்.

புதிதாக வந்த பையன்களுக்கு, எல்லாரையும் வரிசையில் கூட்டும் ரோல் காலில் பழைய பாடம். வேலி எல்லை இல்லை. 1975-ல் இந்தியாவும் வங்கதேசமும் ஒப்புக்கொண்ட வழிகாட்டு விதிப்படி, நிஜ எல்லைக் கோடான ஜீரோ லைனிலிருந்து 150 கெஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் எதுவும் கூடாது, அதனால் நம் வேலி நம் மண்ணுக்குள்ளேயே பின்வாங்கி நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற வயலும் இந்தியாதான், அங்கே உழுகிறவனும் இந்தியன்தான், ஆனால் அவன் அடையாள அட்டையைக் கேட்டில் கொடுத்து, ரெஜிஸ்டரில் பெயர் எழுதி, மாட்டையும் மண்வெட்டியையும் சோதனைக்குக் காட்டி, நாங்கள் திறக்கும் நேரத்துக்குப் போய் நாங்கள் மூடும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும். நம் ஊரில் எவனாவது தன் வயலுக்குப் போக இப்படிக் கைநாட்டு வைப்பானா, யோசித்துப் பாருங்கள் என்றேன். கேட்டில் நிற்கிறவன் குரலை உயர்த்தினால் மறுநாள் அவனுக்குக் கேட் டியூட்டி கிடையாது. கேட்டைத் தாமதமாகத் திறந்தாலும் அதேதான்.

இன்று ஃபுட்பால் உலகக் கோப்பை ஆரம்பம். கிராமம் முழுக்க அர்ஜென்டினா கொடி, நடுநடுவே பிரேசில். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் வங்கதேசப் பக்கத்துக் கூரைகளிலும் அதே இரண்டு கொடிதான்.

ஜூன் 16

ஈத். ஜீரோ லைனில் பிஜிபி என்கிற வங்கதேச எல்லைப் படைக்காரர்களுக்கு இனிப்பு கொடுத்தோம். கம்பெனி கமாண்டர் முன்னால், நான் பின்னால் டப்பாவுடன். எதிரே வந்த சுபேதார் என் வயதுக்காரர், அவர்கள் படைக்கு பிடிஆர் என்று பெயர் இருந்த காலத்து ஆள், 2009-ல் டாக்காவில் பில்கானா தலைமையகத்தில் படையினரே செய்த கலகத்துக்கு அப்புறம் பெயரும் உடுப்பும் மாறியதைப் பார்த்தவர். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். இந்த மாதிரி ஐந்து நிமிஷப் பேச்சு எவ்வளவு உபயோகம் என்பது, நடுராத்திரியில் ஒரு மாடோ ஒரு பையனோ கோடு தாண்டிவிட்டால்தான் தெரியும். போன் அடித்தால் எடுக்கிற ஆள் ஒருவர் அந்தப் பக்கம் வேண்டும்.

ஜூலை 1

நேற்று ராத்திரி 7.30-க்கு அர்ஜென்டினா, பிரான்ஸ் ஆட்டம். மாலை நாக்கா, அதாவது ராத்திரி மறைந்திருந்து காக்கும் காவல், கிளம்பும் நேரம் பார்த்து ஆட்டம். வங்காளிப் பையன்கள் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரியாதா. கேரளாக்காரன் ஒருவன் மட்டும் துணிந்து கேட்டான். ரோஸ்டரில் கை வைத்தேன். ஃபுட்பால் என்றால் என்னவென்றே கவலைப்படாத ராஜஸ்தான், ஹரியானா ஆட்களை முதல் ஷிஃப்டுக்கு அனுப்பி, மற்றவர்களைப் பின்ஷிஃப்டுக்குத் தள்ளினேன். ஹரியானா ஹெட் கான்ஸ்டபிள் கபடி உலகக் கோப்பைக்கு இதைத் திருப்பிக் கேட்பேன் என்றார். சரி என்றேன்.

4-3, அர்ஜென்டினா காலி. நள்ளிரவுக்கு மேல் லைனில் நடந்தேன். அப்படி ஒரு அமைதியான ராத்திரி இந்த மழைக்காலத்திலேயே இல்லை. கடத்தல்காரனும் துக்கத்தில் இருந்தான் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 22

மழை விட்டபாடில்லை. விடியற்காலையில் நாக்கா பார்ட்டி ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தது. இந்தியாவிலிருந்து வெளியே போகப் பார்த்தவன். ஏஜென்ட் காசை வாங்கிக்கொண்டு சணல் காட்டில் விட்டுவிட்டு ஓடிவிட்டான்.

வழக்கமான கேள்விகள். என் பையன் ஒருவன் அவனிடம் வங்காள மொழியில் விசாரித்துக்கொண்டிருக்கும்போது அவன் என் நெஞ்சிலிருந்த பெயர்ப் பட்டையைப் படித்துவிட்டு, "அண்ணா, கொஞ்சம் தண்ணி கொடுங்கண்ணா" என்றான். தமிழில். அதுவும் கோயமுத்தூர்ப் பக்கத்து இழுவையோடு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருஷம் கட்டிங் வேலை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வீட்டுக்குப் போகிறான், பாஸ்போர்ட் கிடையாது. டென்ட் முழுக்கச் சிரிப்பு. "சாப், உங்க ஊர்க்காரன் வந்துட்டான்."

தண்ணீரும் டீயும் கொடுத்தோம். அப்புறம் அவன் கேட்டான், "போறவன்தானேண்ணா, வர்றவன் இல்லையே. என்னை விட்டா உங்களுக்கு ஒரு ஆள் குறையும்தானே?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கணக்கு சரிதான். ஆனால் வெளிநாட்டவர் சட்டத்தில் போகிறவன், வருகிறவன் என்று எனக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை, வழக்கு நடத்துகிற அதிகாரமும் எனக்கு இல்லை. பிடிப்பது, எழுதுவது, காவல் நிலையத்தில் ஒப்படைப்பது, அவ்வளவுதான். பிடித்தவனை நாங்களே வைத்து விசாரித்து முடிப்போம் என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆளைப் போலீசுக்கும் சரக்கைக் கஸ்டம்ஸுக்கும் ஆதாரத்தோடு கொடுத்துவிட்டு ரசீது வாங்குகிறவர்கள் நாங்கள்.

ஜீப்பில் ஏறும்போது சொன்னான், "வரேண்ணா." பழக்கத்தில் நானும் "சரிப்பா" என்றேன். பெட்டியில் இருந்ததெல்லாம் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தேன், குறிப்பாகப் பணம். அது ஒரு ரூபாய் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

ஆகஸ்ட் 19

சணல் அறுப்பு முடிகிறது. குட்டை, குளம், ரோட்டோரப் பள்ளம் எல்லாவற்றிலும் கட்டுக்கட்டாக ஊறப்போட்டிருக்கிறார்கள். நாற்றம் மெஸ் சோறு வரை வருகிறது, ஆனால் கண் திரும்பக் கிடைத்துவிட்டது. அதனால் யாருக்கும் புகார் இல்லை.

கண் திறந்த முதல் வாரமே ஒரு கைகலப்பு. வேலிக்கு இரண்டு பக்கமும் ஆட்கள், இந்தப் பக்கத்திலிருந்து மூட்டையை எறிய அந்தப் பக்கம் பிடிக்கிற ஏற்பாடு. மூட்டையில் ஃபென்சிடில், இருமல் மருந்துதான், ஆனால் போதை தரும் கோடெய்ன் சேர்ந்தது. அந்தப் பக்கம் தடை என்பதால் ஒரு பாட்டில் வேலியைத் தாண்டியதுமே விலை எங்கேயோ போய்விடும். அந்தக் காவல் பாயிண்டில் இருந்த கான்ஸ்டபிள் கத்தினான், டார்ச் அடித்தான், அவர்கள் கல்லெறிந்தார்கள், ஒருவன் கையில் அரிவாள். பையன் பின்னால் நகர்ந்து பம்ப் ஆக்ஷன் கன்னால் மேலே பார்த்து ஒரு தோட்டா. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். யாருக்கும் அடி இல்லை.

அந்த ஒரு தோட்டாவுக்கு நான் எழுதிய காகிதம்! யார், எந்த நேரம், எந்த எல்லைப் பில்லருக்கு எத்தனை தூரம், எத்தனை முறை எச்சரித்தான், காலி உறை எங்கே, பக்கத்துப் பாயிண்ட் ஆள் என்ன கேட்டான். காலையில் பிஜிபியிலிருந்து போனில் விசாரணை வேறு. இளசுகளுக்கு எரிச்சல். அரிவாளோடு வருகிறவனுக்கு எதிரே நம் கையை ஏன் சார் கட்டுகிறார்கள் என்று கேட்கிறார்கள், கேட்பதில் தப்பில்லை, கல் அவர்கள் நெற்றியில்தான் விழுகிறது. 2011 ஜனவரியில் கூச்பெஹார் எல்லையில் வேலி ஏறும்போது சுடப்பட்டு இறந்த ஃபெலானியைப் பற்றிச் சொன்னேன். 15 வயதுப் பெண். முள்கம்பியில் தொங்கிய உடலின் படம் உலகம் முழுக்கப் போனது. சுட்டவர் நம் படையின் நீதிமன்றத்தில் விடுதலையானார், ஆனாலும் இன்றுவரை எந்தப் பேச்சுவார்த்தையிலும் அந்தப் பெயர் வராமல் இருப்பதில்லை. இருட்டில் பனியில் உனக்குத் தெரிவது ஒரு உருவம் மட்டும்தான், அது அரிவாளா, குழந்தையைத் தூக்கிய அம்மாவா என்று விடிந்தபின்தான் தெரியும் என்றேன். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். மேலே பார்த்துச் சுட்டவனுக்கு ரோல் காலில் எல்லார் முன்னாலும் கை கொடுத்தேன்.

அக்டோபர் 20

துர்கா பூஜை முடிந்தது. லீவு கேட்ட வங்காளிகளில் பாதிப்பேரைத்தான் அனுப்ப முடிந்தது, மீதிப் பேருக்கு என் மேல் கோபம். இரண்டு இடத்தில் கம்பி வெட்டியிருக்கிறார்கள். ஒட்டுப்போட்டாயிற்று.

(2023-ல் இதே நதியா மாவட்ட வேலியில் தேனீப் பெட்டி கட்டித் தொங்கவிட்டதாகச் செய்தியில் படித்தேன். வெட்ட வருகிறவனுக்குத் தேனீ, ஊர்க்காரனுக்குத் தேன். எங்கள் காலத்தில் யாருக்கும் இது தோன்றவில்லையே என்று பொறாமையாக இருந்தது.)

நவம்பர் 16

கஜா புயல் விடியலுக்கு முன்பே வேதாரண்யம் பக்கம் கரையேறிவிட்டது. போஸ்டில் பேராவூரணிப் பையன் ஒருவன் இருக்கிறான். மற்றவர்கள் முன்னால் என்னை சார் என்பான், தனியாக இருந்தால் அண்ணே. காலையிலிருந்து வீட்டுக்கு அடிக்கிறான், போகவில்லை. டவர் எல்லாம் சாய்ந்திருக்கும், பயப்படாதே என்றேன். எனக்கு வேறு என்ன தெரியும்.

நவம்பர் 18

இன்னும் லைன் கிடைக்கவில்லை. மெஸ்ஸில் தட்டை எடுத்தான், சோற்றைப் பிசைந்தான், அப்படியே கழுவப் போனான். சமையல்காரர்தான் வந்து என்னிடம் சொன்னார். என்னைக் கேட்டால் ஒரு போஸ்டில் ஆட்களைப் பற்றி முதலில் தெரிவது சமையல்காரருக்குத்தான், அடுத்தது நாவிதருக்கு, போஸ்ட் கமாண்டர் மூன்றாவது.

அவன் பெயர் ராத்திரி நாக்காவில், தனிப் பாயிண்டில். ரோஸ்டரில் அடித்துவிட்டு பகல் கேட் ரெஜிஸ்டருக்கு மாற்றினேன். ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை. மற்றவர்களிடமும் சொல்லவில்லை. படைகளில் ராத்திரித் தனிமையும் துப்பாக்கியும் வீட்டுக் கவலையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று சர்வீஸில் இருக்கிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. எஸ்ஐ மட்டும் கேட்டார், பனிக்காலம் ஆரம்பிக்கிறது, ராத்திரிக்கு ஏற்கெனவே ஆள் இல்லை, ஒருத்தனுக்கு இரக்கம் பார்த்தால் நாலு பேர் தூக்கம் போகும் என்று. அவர் சொல்வதும் நியாயம். அந்த ஷிஃப்டில் இன்று நான் போய் நின்றேன்.

நவம்பர் 19

ஒருவழியாகப் பட்டுக்கோட்டையில் இருக்கும் சித்தப்பா மூலம் தகவல். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். ஓடு போய்விட்டது, தென்னந்தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. "அப்பா என் வயசுல வச்ச மரம்ணே" என்றான். அதற்குமேல் பேசவில்லை.

லீவு விண்ணப்பம். எல்லையில் உஷார் என்று லீவை இறுக்கிப் பிடித்திருக்கும் நேரம். டிசம்பர் கடைசியில் அந்தப் பக்கம் பொதுத் தேர்தல். மேலிடத்தில் ஒருவர் போனில், உயிர்ச்சேதம் இல்லையே, மரத்துக்கெல்லாம் லீவா என்று கேட்டார். தென்னை என்றால் என்ன, ஒரு கன்று காய்க்க எத்தனை வருஷம், அது இல்லாவிட்டால் அந்த வீட்டில் அரிசிக்கு என்ன வழி என்று பஞ்சாப் கோதுமைக்காரருக்கு இந்தியில் விளக்கினேன். "சரி, உங்கள் போஸ்டில் ஓட்டை விழுந்தால் உங்கள் பொறுப்பு" என்றார். எழுதிக் கொடுக்கவா சாப் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

நவம்பர் 20

லீவு சாங்க்ஷன். ராணாகாட் வரை ரேஷன் வண்டியில், அப்புறம் ரயில். கிளம்பும்போது ராஜஸ்தான்காரர்கள் காசு வசூல் பண்ணி அவன் பையில் திணித்தார்கள். நான் சொல்லிச் செய்ததில்லை.

டிசம்பர் 1

படை தொடங்கிய நாள். 1965 ஏப்ரலில் கட்ச் பாலைநிலத்தில் சர்தார் போஸ்டைப் பாகிஸ்தான் தாக்கியபோது அங்கே இருந்தது மத்திய ரிசர்வ் போலீஸும் குஜராத் மாநிலப் போலீஸும்தான், அந்த அனுபவத்தில்தான் அதே வருஷம் டிசம்பர் 1-ல் எல்லைக்கென்றே தனிப்படை பிறந்தது. ருஸ்தம்ஜி முதல் தலைவர். இதையெல்லாம் வருஷா வருஷம் சொல்வோம், பையன்கள் கண் படா கானா என்கிற விருந்துச் சாப்பாட்டு அண்டாவின் மேல்தான் இருக்கும். ஆட்டுக்கறி நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு நேராக நாக்கா.

டிசம்பர் 30

அந்தப் பக்கம் இன்று ஓட்டுப்பதிவு. இந்தப் பக்கம் எல்லாரும் லைனில், யாருக்கும் ஓய்வு இல்லை. மூடுபனி அப்படி ஒரு மூடுபனி, கேட்டில் நின்றால் கேட் தெரியவில்லை. காலை கேட்டை நேரத்துக்குத் திறக்கவில்லை, பனி விலகும்வரை காத்திருக்கச் சொன்னேன். கடுகு வயலுக்குப் போக வேண்டிய கிழவர் ஒருவர் போர்வைக்குள்ளிருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். எல்லாம் புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன். திறந்ததும் முதல் ஆளாக அவரைத்தான் விட்டோம், போகிற போக்கிலும் திட்டினார்.

பேராவூரணியான் லீவு முடிந்து வந்துவிட்டான். அரசாங்கம் ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்திருக்கிறது, அதில் 500 விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தவே. அப்பாவுக்குப் பணம் இன்னும் வரவில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறான், சமையல்காரரிடம் கேட்டுக்கொண்டேன். ராத்திரி நாக்காவில் மறுபடி பெயர் எழுதியிருக்கிறேன், ஆனால் தனிப் பாயிண்ட் இல்லை, ஹரியானாக்காரரோடு. அவர் விடிய விடிய கபடி பேசுவார், அவனுக்குத் தூக்கம் வராது.