கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணுனது?

வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கையுறை மாட்டிக்கொண்டு வாட்சைத் தட்டில் வைத்து நீட்டிய அந்தப் பெண்ணுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், இது புதுசு" என்றார்.

பதினான்கு வருடப் பழக்கம், என்ன செய்வது? இத்தனை காலம் நான் வாங்கியதெல்லாம் யாரோ கட்டிக் கழற்றிய வாட்சுகள்தான்.

முதலில் வாங்கியது ஒரு ஸீகோ 5. பளீர் ஆரஞ்சு டயல், பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல இருந்தது. இணையத்தில் படத்தைப் பார்த்து மயங்கிப் பணம் அனுப்பினேன். திருவல்லிக்கேணியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பின்மூடியைத் திறந்து, ஐ-கிளாஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார். "மிஷின் ஜப்பான், பெயின்ட் பம்பாய்" என்றார். உள்ளே இருந்தது பழைய 7009 இயந்திரம். டயலில் மட்டும் புதிதாக வர்ணம் அடித்திருந்தார்கள். இந்த ரகத்துக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் உண்டு என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

அடுத்து, சாவி கொடுக்கிற பழைய ஒமேகா சீமாஸ்டர், அறுபதுகளைச் சேர்ந்தது. இம்முறை நான் விவரமானவன் என்று நினைப்பு. டயலின் அடியில் 'டி ஸ்விஸ் மேட் டி' என்று இருப்பதைப் பார்த்து, அசல்தான் என்று முடிவுகட்டினேன். அந்த 'டி' ட்ரிடியத்தைக் குறிப்பது, இருட்டில் ஒளிரும் பூச்சு உள்ள டயலில் போடுவது. என் டயலிலோ முள்ளிலோ ஒளிரும் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது! எங்கோ ஒரு டயலைப் பார்த்து எழுத்தை மட்டும் காப்பியடித்திருக்கிறார் மறுவர்ணம் பூசிய மகராசன். இது எனக்குத் தெரிய ஏழு மாதம் ஆனது.

மூன்றாவது, ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் 'ரெட்யூஸ்ட்'. நிலவுக்குப் போன வாட்சின் சின்னத் தம்பி. ஆட்டோமேட்டிக் இயந்திரத்தின் மேல் ஸ்டாப்வாட்சுக்கான தனி அடுக்கை ஏற்றி வைத்திருப்பார்கள். அதனால் பக்கவாட்டில் பார்த்தால் சாவியும் இரண்டு பொத்தான்களும் ஒரே மட்டத்தில் இருக்காது. எனக்கு விற்றவர் வாட்சை பாலிஷ் போட்டுப் போட்டு ஓரங்களைச் சோப்புக்கட்டி போல மழுக்கியிருந்தார். செயினில் இரண்டு கண்ணி வேறு இல்லை. முந்தைய சொந்தக்காரருக்கு மெலிந்த மணிக்கட்டு போலிருக்கிறது. ஸ்டாப்வாட்சை நிறுத்திப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் முள் பன்னிரண்டைத் தாண்டி ஒரு கோடு தள்ளி நிற்கும். பாய் பார்த்துவிட்டு, "ஓவராயில் பண்றேன். ஆனா அந்த மேல் அடுக்கை நான் தொட மாட்டேன் தம்பி" என்றார்.

பழைய வாட்ச் வாங்குவதை மட்டம் தட்டவில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சமும் அந்த ஏமாற்றங்கள் தந்ததுதான். பேரம் பேசும் சுகமும் தனி. ஆனால் கையில் கட்டியிருக்கும் பொருளை எந்நேரமும் குற்றவாளியைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் அலுத்துவிடுகிறது.

ஆக, நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அந்த அண்ணனையே, ஸ்பீட்மாஸ்டர் ப்ரொஃபஷனலையே, புதிதாக வாங்குவது என்று மூன்று வருடம் பணம் சேர்த்தேன். 1965-இல் நாசா தேர்வு செய்து, 1969-இல் ஆல்ட்ரின் கையில் நிலவில் இறங்கிய அதே குடும்பம். 2021-இல் இயந்திரத்தை 3861 என்று மாற்றினார்கள். முழுச் சாவி கொடுத்தால் 50 மணி நேரம் ஓடும்.

கண்ணாடியில்தான் குழப்பம். சஃபயர் கீறாது, ஆனால் விளிம்பில் பால் போல ஒரு வளையம் தெரியும். ஹெஸலைட் என்பது ஒரு வகை பிளாஸ்டிக். கீறும், ஆனால் உடைந்து சில்லு சில்லாகச் சிதறாது. விண்வெளிக்குப் போனதும் அதுதான். கீறலைப் பற்பசை போட்டுத் தேய்த்தே போக்கலாம். நான் ஹெஸலைட் என்றேன். ஷோரூமில் பார்வைக்கு வைத்திருந்தது வேண்டாம், பத்துப் பேர் சாவி முறுக்காத பீஸ்தான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். தினமும் அதைப் பற்றியே யோசித்தேன், வேறொன்றும் நடக்கவில்லை.

பணம் கட்டும் சடங்கு சுருக்கமாகவே முடிந்தது. இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் எண் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாட்சுக்கு 1% டி.சி.எஸ்., அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி, வேறு பிடிக்கிறார்கள். நல்லவேளை, என்னுடையது அதுவரை போகவில்லை. 18% ஜி.எஸ்.டி. மட்டும் பில்லில் தனி வரியாக நின்று முறைத்தது. கடை வாசலைத் தாண்டியதும் இதன் விலை எவ்வளவு இறங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாள் அந்த இறக்கத்தில் லாபம் பார்த்தவனே நான்தானே!

வாரண்டி அட்டையில் அன்றைய தேதியைப் போட்டார்கள். அங்கிருந்து ஐந்து வருடம். என் பழைய வாட்சுகளில் ஒன்றுக்குக்கூட அட்டை கிடையாது, பெட்டியும் கிடையாது. மணிக்கட்டுக்கு அளவெடுத்துச் செயினில் கழற்றிய கண்ணிகளைச் சின்ன உறையில் போட்டுக் கொடுத்தபோது, அதை வாட்சைவிடப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"ஸ்டிக்கரை நானே உரிக்கலாமா?"

"தாராளமா சார்."

உரித்தேன். சாவி கொடுத்தேன், முப்பது நாற்பது சுற்று, விரலுக்கு இறுகும் வரை. நொடி முள் நகர்ந்தது. அப்புறம் மேல் பொத்தானை அழுத்தி ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, நிறுத்தி, கீழ்ப் பொத்தானைத் தட்டினேன். முள் பன்னிரண்டில் வந்து சட்டென்று நின்றது. மறுபடி செய்தேன், அதே இடம். மூன்றாவது தடவையும் அதே இடம். அந்தப் பெண் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முள் நேராக நிற்பதற்கு எனக்கு ஏன் கண் கலங்குகிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

லூப்பை, அதாவது என் உருப்பெருக்கிக் கண்ணாடியை, மட்டும் வெளியே எடுக்காமல் இருக்க முடியவில்லை. வாட்ச் கண்ணாடியின் நடுமையத்தில் தூசி போல ஏதோ தெரிந்தது. பகீரென்றது. உற்றுப் பார்த்தால் ஒமேகா சின்னம். ஹெஸலைட்டில் அதைப் பொடியாகப் பதித்திருப்பார்கள் என்று எத்தனையோ முறை படித்தவன்தான். சந்தேகப் புத்தி லேசில் போகாது.

இந்த இயந்திரம் நாளொன்றுக்கு 0 முதல் 5 நொடி வரை முந்தலாம், பிந்தக் கூடாது என்பது சான்றிதழ்க் கணக்கு. பத்து நாள் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துவைத்தேன். 19 நொடி முந்தியிருந்தது. பதினோராவது நாள் குறிக்க மறந்துபோனேன். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை திருவல்லிக்கேணிக்குப் போனேன். கழற்றிக் கையில் கொடுத்ததும் பாய் பழக்கதோஷத்தில் பின்மூடி திறக்கிற கருவியைத் தேடினார்.

"என்ன ப்ராப்ளம்?"

"ஒண்ணுமில்ல பாய். சும்மா காட்ட வந்தேன். புதுசு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். ஐ-கிளாஸை இடுக்கிக்கொண்டு டயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல் கேட்டார்:

"பெயின்ட் எந்த ஊரு?"