தொற்றாத நோய்க்கு மருந்தில்லை

2012 யூன் 30 அன்று கனடாவின் மத்திய அரசு அகதிகளுக்கான இடைக்கால மருத்துவக் காப்புறுதியைக் குறைத்தபோது, நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மருத்துவ நிலையத்தில் தாதியாக இருந்தேன். அதுவரை, அகதிக் கோரிக்கையாளர்கள் தங்கள் பழுப்புநிறப் பத்திரத்தைக் காட்டினால் மருந்துக்கடையில் மருந்து கிடைத்துவிடும். அதன் பிறகும் அவர்களில் பலர் வைத்தியரைப் பார்க்க முடிந்தது. ஆனால் பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தான நோய் என்றால் மட்டுமே மருந்துச் செலவு ஏற்கப்பட்டது. காசநோய்க்கு மருந்து உண்டு, நீரிழிவுக்கு இல்லை.

வன்னியிலிருந்து வந்திருந்த ஐயா ஒருவர், தினமும் இருபது அலகு இன்சுலின் போட வேண்டியவர், கையிலிருந்தது தீர்ந்துவிடக் கூடாதென்று பத்து அலகுடன் நிறுத்திக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்த சிறு கொப்பியில் ஒவ்வொரு நாளின் அளவையும் பென்சிலால் ஒழுங்காக எழுதியிருந்தார். "மற்றவைக்குத் தொத்தாத வருத்தத்துக்கு மருந்து இல்லையாமோ, பிள்ளை?" என்று கேட்டார். கோபம் இல்லாமல், விளங்கிக்கொள்வதற்காகவே கேட்டார்.

நிறுவனப் பிரதிநிதிகள் விட்டுச்சென்ற மாதிரி மருந்துகளைத் தேடிச் சேர்த்துக் கொடுத்தேன். பல மாதங்கள் இப்படியே ஓடின. அவை கிடைக்காமற்போன ஒரு வாரத்தில்தான், பாதிப்பு வெளியே தெரியாதபடி நாங்களே அதை மூடிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. எங்கள் நிலையத்தில் சமாளிக்கப்பட்ட எதுவும் தலைநகர் ஒட்டாவாவில் ஒரு பாதிப்பாகப் பதிவாகவில்லை.

குறைப்பு நடைமுறைக்கு வருமுன், 2012 யூன் 18 அன்றே, அதை எதிர்த்துப் பல நகரங்களில் வைத்தியர்கள் வெள்ளை அங்கியுடன் வீதிக்கு வந்திருந்தார்கள். அது அரசியல், எங்கள் வேலையல்ல என்று நான் அன்று ஒதுங்கி நின்றது தவறு. பின்னர், மருந்து மறுக்கப்பட்ட ஒவ்வொருவரின் நிலையையும், அவரவர் சம்மதத்துடன், பெயர் நீக்கி, திகதியுடனும் இரத்தச் சீனி அளவுடனும் எழுதிவைக்கத் தொடங்கினேன். ஊசி போடுவதைப் போலவே அதுவும் தாதியின் கடமை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அகதிகள் நலனுக்கான கனேடிய வைத்தியர்களும் அகதிச் சட்டத்தரணிகளும் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2014 யூலை 4 அன்று சமஷ்டி நீதிமன்றம் இந்தக் குறைப்பைக் கொடூரமான, வழமைக்கு மாறான நடத்துகை என்று தீர்ப்பளித்தது. காப்புறுதி முழுமையாக மீண்டது 2016 ஏப்ரலில். ஒன்ராறியோ மாகாணம் 2014 சனவரியில் தொடங்கிய தற்காலிகத் திட்டத்தால் ஐயாவுக்கு முன்னரே இன்சுலின் கிடைத்திருந்தது. அதற்குள் அவருடைய இடது கண்ணின் விழித்திரை கெட்டுவிட்டது. கொப்பியில் இலக்கங்களை இப்போது அவருடைய மகள் எழுதுகிறாள்.