மூடிக்கு அச்சு வெட்டும் முன்

ஜூன் 3
புது மிக்ஸிக்கு மூடி வேலை ஆரம்பம். எல்லாரும் மோட்டார் எத்தனை வாட்ஸ் என்றுதான் கேட்பார்கள், ஆனால் சமையலறையில் கை படுவது மூடியில், அதுவும் ஈரக் கை. 3டி பிரிண்டரில் எடுத்த மாதிரிகளைக் கேன்டீன் அக்காக்களிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றோம். பக்கவாட்டுப் பூட்டை யாரும் தொடவே இல்லை. மூடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டுதான் சுவிட்சைத் திருப்பினார்கள். அந்தக் கைப்பழக்கத்தை மாற்றப் பார்ப்பது வீண். நடுவில் உள்ளங்கை உட்காரும்படி மூடியை மாற்றி வரைகிறேன்.

ஜூன் 5
புதிதாகச் சேர்ந்த பையனுக்கு சுமீத் கதை சொன்னேன். 1960களில் மாதுரி மாத்தூர் வீட்டு ஜெர்மன் மிக்ஸி நம் அரைப்பைத் தாங்காமல் எரிந்துபோக, எஞ்சினியரான அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் இந்தியச் சமையலுக்கென்றே வலுவான மோட்டார் போட்டுச் செய்ததுதான் சுமீத். பழம் அடிப்பது வேறு, காய்ந்த மஞ்சள் அரைப்பது வேறு. எதை அரைக்கப் போகிறார்கள் என்பதில் ஆரம்பித்ததால்தான் அந்தப் பெயர் இன்னும் பல வீடுகளில் நினைவிருக்கிறது.

ஜூன் 11
பாதி நாள் டூல் ரூமில், அதாவது அச்சு செய்யும் பட்டறையில். மூடி பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக், உருக்கி அச்சில் செலுத்தி ஆறும்போது அரை சதவீதத்துக்கு மேல் சுருங்கும், 120 மி.மீ. மூடியில் அது அரை மில்லிமீட்டரைத் தாண்டும். ஜாருக்குள் இறங்கும் விளிம்பை எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்று ரொம்ப நேரம் பேசினோம். "முதல்ல லூசாவே வை தம்பி, பத்தலைனா அச்சுல இரும்பைச் செதுக்கி இறுக்கிக்கலாம், செதுக்கினதைத் திரும்பச் சேக்கணும்னா வெல்டிங்தான்" என்றார் டூல் ரூம் அண்ணன். அச்சைச் செதுக்கினால் அதில் வரும் மூடி அந்த அளவு பெரிதாகும், அதனால் இறுகும். இது தெரிந்தவர் வரையும் படமே வேறு மாதிரி இருக்கும். அப்புறம் மூடியை உள்பக்கம் தாங்கும் ரிப் என்ற வரிமேட்டின் தடிமனை மூடிச் சுவரில் பாதியாகக் குறைத்தோம், இல்லாவிட்டால் மேலே குழி விழும், பளிங்கு மாதிரி மூடியில் அது பளிச்சென்று தெரியும்.

ஜூன் 12
தீபாவளிக்குள் கடைக்கு வர வேண்டுமாம், சோதனை நாட்களைக் குறைக்கலாமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். சுடச்சுட ரசப்பொடி அரைக்கும்போது மூடி தெறித்தால் யார் முகத்தில் படும்?

ஆகஸ்ட் 9
அச்சு வந்தாயிற்று, முதல் ஷாட்டும், அதாவது முதல் வார்ப்பும், எடுத்தாயிற்று. குழி இல்லை. தேங்காய்ச் சட்னியைத் தண்ணீராக அரைத்தால் கைப்பிடிப் பக்கம் மட்டும் லேசாகக் கசிகிறது, லூசாக வைத்த இடம்தான். அண்ணன் அளவெடுத்துவிட்டார், அச்சில் அந்தப் பக்கம் 0.1 மி.மீ. செதுக்கினால் போதுமாம். திங்கட்கிழமை மறு ஷாட்.