ஐந்தாவது கால்

பசியாறிக்கொண்டிருக்கும்போதே தங்கை மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "அண்ணே, இந்தக் காலைப் பாருங்களேன்!"

ஹார்பாக்டிகாய்டு என்ற குட்டி உயிரின் கால். இறால், நண்டுக்கு உறவு. கடலடி மணலுக்குள் வாழும். பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட வராது.

அதன் ஐந்தாவது காலைத் தனியே பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைந்திருக்கிறாள். ஆணுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு வேறு. ஒரு முள் கூடுதலா, குறைவா என்பதில்கூட இது தனி இனமா என்ற கேள்வி தொங்கும். எவ்வளவு பொறுமை வேண்டும்!

புதிது என்றாலும் சும்மா பேர் வைத்துவிட முடியாது. அந்த உயிர் ஒன்றையே அடையாள மாதிரியாகக் குறித்து, அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்த வேண்டும்.

மலேசியாவில் எங்கள் சிலியாவ் ஊரிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் குளிக்கப் போகிறோமே, இந்த மாதிரி உயிர்களின் மேல்தான் நடக்கிறோம். மீன்குஞ்சுகளுக்கு இவை தீனி.

எந்தக் கரையையும் மண் கொட்டித் தூர்ப்பதற்கு முன்னால், யாராவது ஒரு பிடி மணலை அள்ளிப் பார்க்க வேண்டும்.